அண்ணாமலையில் தொல்லுயிர் எச்சம் ஏன் கிடைப்பதில்லை?

கிரிவலப் பாதையில் எந்தப் பாறையைப் புரட்டினாலும் ஒரு சிப்பியோ இலைத்தடமோ சிக்காது. சேறும் மணலும் படிந்து உருவான மலை அல்ல இது. அணைந்த எரிமலை என்று சிலர் சொல்வதும் சரியில்லை. நிலத்தடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் படிகமாக இறுகிய பாறை. மேலே இருந்தவை தேய்ந்து கரைந்த பிறகே வெளியே தெரிந்தது. வட தமிழகத்தின் இத்தகைய பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அன்று பூமியில் நுண்ணுயிர்கள் மட்டுமே.

இந்தக் கணக்கு எப்படி? பாறைக்குள் சிர்கான் என்னும் பொடிப்படிகங்கள் உண்டு. உருவாகும்போதே அவை யுரேனியத்தை ஏற்கும், ஈயத்தை ஒதுக்கும். யுரேனியம்-238இல் பாதி ஈயமாக மாற ஏறக்குறைய 447 கோடி ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே, இன்று உள்ளே எவ்வளவு யுரேனியம் மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைத்துவிடும்.

எச்சங்களைப் பார்க்க விழுப்புரம் மாவட்டத் திருவக்கரைக்குப் போங்கள். சுமார் 2 கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகக் கிடக்கின்றன. மணலில் புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீர் சிலிக்காவைக் கொண்டுபோய் நிரப்பியதால் வளையங்கள்கூட அழியவில்லை. ஆனால் வேரும் கிளையும் காணோம். அங்கே வளர்ந்தவை அல்ல, பெருவெள்ளம் அடித்துவந்தவை என்று நிலவியலாளர்கள் முடிவுகட்டியது அதனால்தான்.