இழை காப்போர் – 9: துணியைத் தின்னும் கறுப்பு

ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1975இல் கேரன் ஃபின்ச் தொடங்கிய துணிப் பாதுகாப்பு மையம் பிறகு வின்செஸ்டருக்குப் போய், 2009இல் மூடப்பட்டு, மறு ஆண்டே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மீண்டும் பிறந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். கிளாஸ்கோவின் இரண்டாண்டு முதுகலைப் படிப்பில் என்னென்ன சொல்லித் தருகிறார்கள் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

பாடங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வேதியியல் பகுதியில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. வாரம் முழுக்க அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமைக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும் என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இரும்பு துணியைத் தின்னும் கதை அது.

கலம்காரித் துணிக்குக் கறுப்பு எப்படி வருகிறது தெரியுமா? துருப்பிடித்த இரும்புத் துண்டுகளைப் பானையில் போட்டு, வெல்லம் கரைத்த நீரை ஊற்றி, மூடி வைத்துவிடுவார்கள். அது வாரக்கணக்கில் புளிக்கும். புளிப்பு ஏற ஏற இரும்பு நீரில் கரையும். இன்னொரு பக்கம் பருத்தித் துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்துக் காயப்போட்டிருப்பார்கள். கடுக்காயில் துவர்ப்பு இருக்கிறது. பாலில் இருக்கும் கொழுப்பு, கோடு பரவாமல் நிறுத்திவிடும். கலம் என்னும் மூங்கில் எழுதுகோலை அந்த இரும்பு நீரில் தோய்த்துத் துணியில் ஒரு கோடு இழுத்தால் போதும், மங்கலாக இறங்கும் நீர் கண்ணெதிரே கறுத்துவிடும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பிறக்கும் கறுப்பு அது. தஞ்சைப் பக்கத்தில் கருப்பூர்க் கலம்காரி என்று 2021இல் புவிசார் குறியீடு பெற்றதும், ஆந்திரத்துக் காளத்தியில் இன்றும் வரைகிறார்களே அதுவும், இந்தக் கைவேலையின் கிளைகள்தான்.

சிவப்புக்கு வழி வேறு. படிகார நீரால் வரைந்துவிட்டுச் சாயவேர் போட்ட கொதிநீரில் துணியை முக்கினால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். இருநூறு, முந்நூறு ஆண்டு ஆன சோழமண்டலக் கரைத் துணிகளில் அந்தச் சிவப்பு இன்றைக்கும் நேற்றுத் தோய்த்ததுபோல் நிற்கிறது. துவைத்தாலும் போகாத நிறம் என்பதற்காகத்தான் உலகமே நம் கரைக்கு வந்து வாங்கியது.

கறுப்பின் கதி அப்படியல்ல. பழைய துணி ஒன்றை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், சிவப்புப் பூவிதழ் முழுசாக இருக்கிறது. அதைச் சுற்றி ஓடிய கறுப்புக் கோட்டைக் காணோம். நிறம் மங்கிப் போயிருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். போனது நிறம் மட்டுமல்ல, கோட்டுக்கு அடியில் இருந்த நூலும் சேர்ந்தே போய்விட்டது. கத்தியால் கீறியதுபோல் இதழின் ஓரம் முழுக்க மெல்லிய வெட்டு. ஓவியன் எவ்வளவு கவனமாகக் கோடு போட்டானோ, அவ்வளவு கச்சிதமாகத் துணி அறுந்திருக்கிறது. சில துணிகளில் பூ, நாலைந்து நூலைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

காரணம் அந்த இரும்புதான். துவர்ப்போடு சேராமல் மிஞ்சி நிற்கும் இரும்பு சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தூண்டிவிட்டுப் பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அறுக்கிறது. கூடவே பிறக்கும் அமிலமும் அறுக்கிறது. இரும்பு தீர்ந்துபோவதும் இல்லை. ஒரு கண்ணியை அறுத்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். ஈரக் காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். படிகாரத்தில் இருக்கும் அலுமினியத்துக்கு இந்தக் குணம் கிடையாது. அதனால்தான் சிவப்பு பிழைத்தது.

ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் எழுதப் பயன்பட்ட மையும் இதே கலவைதான், கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்து மாசிக்காய். பெர்லின் நூலகத்திலுள்ள, இசையமைப்பாளர் பாக்கின் இசைக் கையெழுத்துப் படிகளை அந்த மை தின்று துளைத்தது. நம் ஓலைச்சுவடிகளைக் கரையான் தின்றிருக்கிறது, வெள்ளம் கொண்டு போயிருக்கிறது, ஆனால் எழுத்துக் கறுப்பு ஒருபோதும் ஓலையைத் தின்னவில்லை. சுவடியில் தடவியது விளக்குக் கரி. கரி எதோடும் வம்புக்குப் போகாது. இரண்டும் கண்ணுக்குக் கறுப்புதான். ஒன்று காக்கும், ஒன்று அரிக்கும். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இது மலேசியாவில் இருக்கும் நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. சோழமண்டலக் கரைத் துணிகள் கப்பலேறி மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் சுலாவெசிக்கும் வந்தன. சுலாவெசியின் தொராஜா மக்கள் அவற்றைக் குலச்சொத்தாகத் தலைமுறை தலைமுறையாக வைத்துச் சடங்குக்கு மட்டும் வெளியே எடுத்தார்கள். நெய்து வரைந்த ஊரில் கிழிந்து மக்கிப் போனவை, வாங்கிய ஊரில் பிழைத்தன. சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட துணிகளின் பெரிய தொகுப்பே இருக்கிறது. அடுத்த முறை சிங்கப்பூர் போகிறவர்கள் கடைத்தெருவுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை அங்கே செலவிடுங்கள். கறுப்புக் கோடுகளைக் கிட்டே போய்ப் பாருங்கள்.

சரி, இரும்பு தின்னும் துணி மாணவர் கைக்கு வந்தால் என்ன செய்வார்? முதலில் சோதனை. பாத்தோபினாந்த்ரோலின் என்று ஒரு மருந்து தடவிய சிறு காகிதத் துண்டு உண்டு. அதில் ஒரு சொட்டுச் சுத்த நீர் விட்டு, மிச்ச நீரை ஒற்றி எடுத்துவிட்டு, கறுப்பின் மேல் மெதுவாக வைத்து அழுத்துவார்கள். அரை நிமிடத்தில் எடுத்தால், அலையும் இரும்பு இருக்கும் இடத்தில் வெள்ளைக் காகிதம் கருஞ்சிவப்பாக மாறியிருக்கும். நெதர்லாந்து வேதியியலாளர் யோகான் நேவெல், ஏட்டுத் தாள்களுக்காகக் கொண்டுவந்த முறை. இரும்பைக் கட்டிப்போடவும் அவரே வழி கண்டார். தானியத் தவிட்டில் இருக்கும் ஃபைட்டிக் அமிலத்தின் உப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தாளுக்கு இது சரி. துணியை நீரில் நனைத்தாலோ இரும்பு நகர்ந்து, நன்றாக இருக்கும் இடத்துக்கும் போய்விடும். ஆகவே நீர் இல்லாத கரைசல்களில் ஆக்சிஜனின் வேலையைத் தடுக்கும் மருந்துகளைப் பிரிட்டிஷ் மியூசியமும் மான்செஸ்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ந்தன.

நியூசிலாந்தில் நடந்ததைத்தான் நான் எல்லாரிடமும் சொல்ல விரும்புகிறேன். மாவோரி மக்கள் ஒரு மரப்பட்டையின் துவர்ப்பில் நாரை ஊறவைத்து, இரும்பு நிறைந்த சேற்றில் புதைத்துக் கறுப்பாக்குவார்கள். கடல் கடந்தும் அதே கறுப்பு! அதே நோயும்தான். அருங்காட்சியகங்களில் கிடந்த ஆடைகளில் கறுப்பு நார் மட்டும் தூளாக உதிர்ந்தது. கடற்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட்டைத் துத்தநாகத்தோடு சேர்த்து, அந்த நாருக்கு வலுவூட்டும் முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் துணிப் பாதுகாப்பாளர் ரங்கி தே கனவா. அவருடைய தாய் டிகரெஸ் தே கனவா, பெயர்பெற்ற நெசவுக் கலைஞர். பாட்டி ரங்கிமாரி ஹெதெட், அவருக்கும் மேலே. அந்தக் கறுப்பு எந்தச் சேற்றிலிருந்து வருகிறது, நார் எப்போது முறுகும், எப்போது உதிரும் என்பதெல்லாம் அந்த வீட்டில் தாய்ப்பாலோடு வந்த அறிவு. அதன்மேல் வேதியியல் ஏறியபோது, வெளியாள் நூறு ஆண்டு உட்கார்ந்தாலும் கேட்கத் தோன்றாத கேள்விகள் பிறந்தன.

இந்தத் தொடரை நான் எழுதுவதே இதற்காகத்தான். துணியைக் காக்கும் படிப்பு, பணக்கார வீட்டுத் திரைச்சீலையைப் பழுதுபார்க்கும் படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் துணியோடு வாழ்ந்த வீட்டுப் பிள்ளை போய்ப் படிக்க வேண்டிய படிப்பு இது.

பாடத்திட்டத்தை இனிச் சுருக்கமாகவாவது சொல்லிவிடுகிறேன். நார்களின் வேதியியல், சாயங்களைக் கண்டுபிடித்தல், ஈரச் சுத்தம், பிசின் தடவிய மெல்லிய பட்டால் தாங்கு கொடுத்தல், வளைந்த ஊசியால் தாங்கு தையல், காட்சிக்கு வைத்தல், பூச்சியும் பூஞ்சையும், துணியின் வரலாறு. ஓட்டை விழுந்த இடத்தை மறைத்துத் தைப்பது இங்கே வேலையில்லை. அடியில் அதே நிறத்துத் துணி கொடுத்து, நீளமாக ஒரு நூலை ஓடவிட்டு, குறுக்கே சின்னச் சின்னத் தையலால் பிடித்து நிறுத்துவார்கள். நாளை வேறொருவர் பிரிக்க வேண்டுமென்றால் பழைய துணிக்குச் சேதமில்லாமல் பிரிக்க வர வேண்டும். நடுவில் ஒரு கோடையில் ஏதாவது அருங்காட்சியகத்தில் நேரடிப் பயிற்சி. சேர விரும்பும் பிள்ளைக்கு ஒரு பட்டம், கொஞ்சம் வேதியியல், கை நுணுக்கம் மூன்றும் வேண்டும். எஸ்.டி.பி.எம் தேர்வில் வேதியியல் எடுத்துவிட்டு, வீட்டில் பாட்டியிடம் பூத்தையல் கற்ற பிள்ளை நம் மஞ்சோங் மாவட்டத்தில் இல்லையா என்ன?

கிளாஸ்கோவில் மாணவர் மனத்தில் முதலில் பதிய வைப்பது, எதைத் துவைக்கக் கூடாது என்பதை. மதுரை காந்தி அருங்காட்சியகத்தை நினைத்துப் பாருங்கள். ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் நேரு திறந்து வைத்தது. காந்தி சுடப்பட்டபோது அவர் உடம்பில் இருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அந்தக் கறை போயிருந்தால் அது வெள்ளைத் துணி, அவ்வளவுதான். கறை துணியின் மேல் ஏறிய அழுக்காகவும் இருக்கலாம், துணி சொல்ல வந்த செய்தியாகவும் இருக்கலாம். எது எது என்று பிரித்தறிய இரண்டு வருடப் படிப்பு வேண்டியிருக்கிறது.

ஆயர் தாவார் பக்கம் ஒரு வீட்டில் பழைய பெட்டியைத் திறந்தபோது ஒரு முழுக்கைச் சட்டை வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டப் போன அம்மா ஒருவர் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டது. வலது கை மணிக்கட்டில் பால் சொட்டிச் சொட்டி, காய்ந்து, கறுப்பாகத் தோல்போல் இறுகியிருந்தது. இடது தோளில் மட்டும் நூல் தேய்ந்து வெளிச்சம் தெரிந்தது. பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமக்கும் காண்டா கம்பு உட்கார்ந்த இடம் அது. எந்தக் கையால் உளி பிடித்தார், எந்தத் தோளில் பால் வாளி சுமந்தார் என்பதை அந்தச் சட்டை சொல்லிவிட்டது. பெட்டியைத் திறந்த மகள், "மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சா கறை போயிடும்யா, சுத்தம் பண்ணி வைக்கவா?" என்று கேட்டார். வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்.

சட்டையின் முன்பக்கத்தில் மூன்று இரும்புக் கொக்கிகள். மூன்றும் துருவேறி, சுற்றிலும் துணி பழுப்பாகி, ஒன்றைச் சுற்றி ஓட்டையே விழுந்திருந்தது. கலம்காரியைத் தின்ற அதே இரும்பு இங்கேயும் வேலை செய்துகொண்டிருக்கிறது. துவர்ப்பு இல்லாமலே அது அறுக்கும், ஈரம் இருந்தால் போதும். லூமுட் கடற்காற்று வீசும் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்?

1903இல் வந்த ஃபூச்சோவ் குடியேறிகளின் கதையைச் சொல்ல சித்தியவானில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர்கள் பொருள்களைப் பத்திரப்படுத்தினார்கள், அதனால் சொல்ல முடிகிறது. நம்முடையது நம் வீட்டு இரும்புப் பெட்டிகளில் கிடக்கிறது. தோட்டங்கள் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, தாமான் குடியிருப்புக்கு வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்த வேலைத் துணிதான். கல்யாணப் பட்டை வைத்துக்கொள்வார்கள். காட்டுக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையை யார் வைத்துக்கொள்வார்கள்?

ஆகவே வாசகர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு துணி உங்கள் வீட்டில் இருந்தால் துவைக்காதீர்கள், மண்ணெண்ணெய் தடவாதீர்கள், வெயிலில் போடாதீர்கள். குத்தியிருக்கும் ஊக்கையும் குண்டூசியையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். தைத்த கொக்கியைப் பிடுங்க வேண்டாம். கொக்கிக்கும் எதிரே படும் துணிக்கும் நடுவில் மட்டும் சுத்தமான வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ஈரத்தை அடைக்காமல், கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில், மடிப்பு விழாமல் சுருட்டி வையுங்கள். யார் போட்டது, எந்தத் தோட்டம், என்ன வேலை என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். பேனா வேண்டாம்.

அடுத்த வாரம் எழும்பூர். 1930இல் சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளர் பரமசிவன் பொறுப்பில் தொடங்கிய ஆய்வுக்கூடத்தையும், லக்னோவில் 1976இல் வந்த தேசிய ஆய்வகத்தையும், கிளாஸ்கோ வரை போக வசதியில்லாத நம் பிள்ளைகளுக்கு இந்தியாவில் இருக்கும் வழியையும் பார்ப்போம்.