நீருக்குச் சில, எண்ணெய்க்குச் சில

அண்மையில் ஒரு குடியிருப்பில், ஒரு தாயின் கொட்டிலுக்குப் போயிருந்தோம். கூரை வளையிற் தொங்கிய பையில் ஒரு சிறு போத்தல் இருந்தது. பிள்ளையின் கண்ணுக்கும் இரத்தத்துக்கும் நல்லது என்று ஒரு வியாபாரி விற்ற மூலிகைச் சாறு அது. அதன் விலை, அந்தத் தாய் வயலில் களை பிடுங்கிப் பெறும் இரண்டு நாட் கூலி. வேலியிலோ முருங்கை தழைத்து நின்றது.

“முருங்கையிலை சமைக்கிறதில்லையோ அக்கா?” என்று கேட்டோம்.

“சமைக்கிறனான். அவிச்சு, தண்ணியை வடிச்சு ஊத்திப்போட்டுத்தான். இல்லாட்டிப் பிள்ளையள் கைக்குதெண்டு தின்னாதுகள்” என்றார்.

காசு கொடுத்து ஒரு போத்தலில் சத்தை வாங்கிய கை, வீட்டிலிருந்த சத்தை நிலத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. இது அவருடைய குற்றமன்று. எந்தச் சத்து எதிற் கரையும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. அதைப் பற்றியே இம்முறை பேச நினைக்கின்றோம்.

கரைப்பான் என்றால் என்ன?

ஒரு பொருளைத் தன்னுள் கரைத்து எடுக்கும் திரவமே கரைப்பான். தேநீர் போடும்போது கொதிநீர் தேயிலையின் நிறத்தையும் சுவையையும் இழுத்து எடுக்கிறது. அங்கே நீர்தான் கரைப்பான். ஆனால் நீர் எல்லாவற்றையும் இழுக்காது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைக் குளிர்ந்த நீரிற் கலக்கி வைத்தால் பெரும்பகுதி அடியில் மண்டியாகப் படியும். அதே அளவைச் சிறிது சூடான எண்ணெயில் இட்டால் எண்ணெய் முழுவதும் பொன்னிறமாகும். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் எண்ணெயிலும் மதுசாரத்திலும் கரையும். நீரில் அநேகமாகக் கரையாது.

எமது முன்னோர் இதை அறிந்திருந்தனர். குடிநீருக்கு எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காக வற்றவைத்தனர். பூசும் மருந்துக்கு எண்ணெயைக் காய்ச்சித் தைலம் எடுத்தனர். அரிட்டத்தில், சரக்குப் புளிக்கும்போது உண்டாகும் மதுசாரமே சாரத்தை இழுக்கிறது.

தொழிற்சாலைகளில் நடப்பது

பெரிய ஆலைகளில், சோயா, தவிட்டு எண்ணெய் போன்றவற்றை எடுக்கப் பெற்றோலியத்திலிருந்து கிடைக்கும் எக்சேன் என்னும் திரவம் பாவிக்கப்படுகிறது. அது மலிவானது, ஆனால் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவியை நெடுங்காலம் சுவாசிக்கும் தொழிலாளரின் நரம்புகள் பாதிக்கப்படும். ஆகவே மனிதருக்கும் மண்ணுக்கும் தீங்கு குறைந்த கரைப்பான்களை அறிஞர்கள் தேடினர். அவற்றையே பசுமைக் கரைப்பான்கள் என்கின்றனர். நீர், கரும்புப்பாகிலிருந்து வடிக்கும் மதுசாரம், தாவர எண்ணெய் ஆகியன அவற்றுட் சில.

நாம் மூச்சாக வெளிவிடும் காபனீரொட்சைட்டும் அவற்றுள் ஒன்று. அதை 31 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 73 மடங்குக்கு மேல் அழுத்தினால், அது வாயுவுமன்றித் திரவமுமன்றிய ஒரு நிலையை அடைந்து நல்ல கரைப்பானாகும். 1967இல் ஜேர்மனியில் குர்ட் சோசல் என்பவர் இவ்வாறு கோப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரிக்கலாம் என்று கண்டார். அழுத்தத்தைக் குறைத்ததும் வாயு பறந்துவிடும். உணவில் நஞ்சு எதுவும் தங்காது.

இத்தகைய யந்திரம் எமக்கு எட்டாதது. ஆனால் நீர், எண்ணெய், தேங்காய்ப்பால் ஆகிய மூன்றும் எமது அடுப்படியிலேயே உள்ளன.

அடுப்படியிற் செய்யக்கூடியவை

1. முருங்கையிலை, பொன்னாங்காணி, பூசணி, பப்பாசி, பனம்பழக் களி ஆகியவற்றில் விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டின் உண்டு. அது கொழுப்பிற் கரையும். ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், அல்லது சிறிது தேங்காய்ப்பூ, அந்த வேளை உணவிற் சேர்ந்தாற் போதும்.

2. விற்றமின் சீயும் போலிக்கமிலமும் நீரிற் கரைந்து போகும், சூட்டிலும் அழியும். இலையை முதலிற் கழுவி, பின்னர் வெட்டுங்கள். கொஞ்ச நீரில், மூடி, சில நிமிடம் மட்டும் வேகவையுங்கள். விறகும் மிஞ்சும். வடிக்கும் நீரைச் சொதிக்கோ கஞ்சிக்கோ விடுங்கள்.

3. இறக்கிய பின் தேசிக்காய் பிழியுங்கள். அந்தப் புளி, கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அதன் துவர்ப்பு இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள்.

4. மஞ்சளை எண்ணெயில் அல்லது தேங்காய்ப்பாலில் சூடாக்கி, மிளகும் சேருங்கள். 1998இல் பெங்களூரில் உள்ள புனித யோவான் மருத்துவக் கல்லூரியினர், குர்க்குமினோடு மிளகின் காரப்பொருளைக் கொடுத்தபோது அது இரத்தத்திற் சேர்ந்த அளவு ஏறக்குறைய 20 மடங்காகக் கண்டனர். அவர்கள் கொடுத்தது சமையலில் விழும் அளவிலும் மிகக் கூடியது. ஆயினும் மஞ்சளோடு மிளகு சேர்க்கும் எமது பழைய வழக்கம் நல்ல வழக்கமே.

5. வல்லாரையைத் தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் இட்டுச் சம்பலாக உண்பதில், சூடும் இல்லை, கொழுப்பும் உண்டு.

நீர் தீயதையும் இழுக்கும்

ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துப் பிழிந்து கசப்பை அகற்றுகிறோம். மரவள்ளிக் கிழங்கிலுள்ள நஞ்சை உண்டாக்கும் பொருளும் நீரிற் கரையும். ஆகவே அதைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் மூடாமல் அவித்து, அந்த நீரை ஊற்றிவிட வேண்டும். கீரை நீரைக் காக்க வேண்டும். மரவள்ளி நீரைக் கொட்ட வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்யாதீர்கள்.

மூன்று எச்சரிக்கைகள்

மண்ணெண்ணெய், பெற்றோல், மெழுகெண்ணெய், விளக்குக்குப் பாவிக்கும் ஸ்பிரிட் ஆகிய எதனாலும் வீட்டிற் சாறு எடுக்க முயலாதீர்கள். அவை நஞ்சு, தீப்பற்றும்.

செறிவாக்கிய சாறுகளும் குளிசைகளும் உணவு போன்றவையல்ல. செறிந்த மஞ்சட் குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்டோர் உண்டு. கருவுற்ற தாய்மாரும் வேறு மருந்து எடுப்போரும் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடக்கூடாது.

பிள்ளை மாலை மங்கியதும் தட்டுத் தடுமாறினால், கீரையை மட்டும் நம்பியிராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அது விற்றமின் ஏ குறைவின் முதல் அடையாளமாக இருக்கலாம்.

இடம்பெயர்ந்தபோது எமது மக்கள் காணியையும் கிணற்றையும் விட்டு வந்தனர். பலருக்கு அவை இன்னும் திரும்பவில்லை. வாடகை வளவிலும் ஒரு முருங்கைத் தடி நடலாம். ஓட்டைச் சட்டியிலும் வல்லாரை வளரும். அவற்றிலிருந்து முழுப் பயனையும் பெறுவதற்கு வேண்டியது காசன்று, அறிவே.

மீண்டும் அந்தத் தாயிடம் போனபோது முருங்கையிலை வறை வைத்திருந்தார். கசப்பு? தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் சேர்ந்தபோது பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசவில்லையாம். மூலிகைச் சாற்றுப் போத்தல் முடிந்துவிட்டது. அதைக் கழுவி, நல்லெண்ணெய் விட்டு வைத்திருந்தார்.