ஐந்து எண்களில் அம்மா

தாராவி 90 அடி சாலையிலிருந்து செம்பூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். அவள் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. ஐ.டி. முதலாண்டு படிக்கிறாள். லாமிங்டன் ரோட்டில் அவள் அப்பா வாங்கிக் கொடுத்த பழைய லேப்டாப் பைக்குள் இருந்தது. விண்டோஸ் 10, 4 ஜி.பி. ராம். "காலேஜுக்கு வேண்டியதெல்லாம் போட்டுக் குடுங்க மாமா" என்றாள்.

பிரவுசர், லிப்ரே ஆபிஸ், வி.எல்.சி., பைத்தான், ஜாவா எல்லாம் ஏற்ற ஒரு மணி நேரம் ஆனது. எல்லாமே இலவசம், எல்லாவற்றையும் உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினோம். 'கிராக்' செய்த மென்பொருள் எதையும் சேர்க்கவில்லை. பூட்டை உடைத்தவன் உள்ளே எதை வைத்துவிட்டுப் போனான் என்று யாருக்குத் தெரியும்?

லிப்ரே ஆபிஸ் பழக பொவாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்களைக் காட்டினேன். பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யாவின் குழு உருவாக்கிய திட்டம் அது. ஒவ்வொரு பாடமும் சுமார் பத்து நிமிடம். திரையில் ஆங்கிலம் இருக்கும், காதில் தமிழ் விழும். பாடத்தை ஒரு பக்கமும் மென்பொருளை இன்னொரு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு, கேட்கக் கேட்கச் செய்து பார்க்கலாம். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், தெருவில் இந்தியும் மராத்தியும் என்று வளரும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியார் கிடைக்கமாட்டார்.

கிளம்பும் நேரத்தில் ஒரு பென் டிரைவை எடுத்தாள். அப்பாவின் ஊர்ச் சங்கத்துப் பொங்கல் விழா அழைப்பிதழ் அதில் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்பு டி.டி.பி. கடையில் அடித்தது. இந்த வருஷம் தேதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். திறந்தாள். "என்ன மாமா, எல்லாம் இங்கிலீஷா வருது?"

'பொங்கல்' இருக்க வேண்டிய இடத்தில் என், ஜி, ஹெச், கியூ என்று ஆங்கில எழுத்துகள், நடுவே அரைப்புள்ளிகள். கோப்பு கெட்டுவிட்டது என்று அவள் நினைத்தாள். அது கெடவில்லை. அன்று என்ன சேமித்தார்களோ அதுவே அப்படியே இருக்கிறது. அந்தக் கோப்புக்குள் தமிழ் ஒருநாளும் இருந்ததில்லை என்பதுதான் விஷயம்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். சின்ன எம் என்றால் 109, கே என்றால் 107 என்று ஆங்கில எழுத்துகளுக்கு ஆதியிலேயே எண் கொடுத்துவிட்டார்கள். தமிழுக்கு அப்போது இடம் இல்லை. அதனால் நம்மவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். 109 என்ற எண் வந்தால் எம் வரையாதே, 'அ' வரை என்று சொல்லும் எழுத்துருக்களை உருவாக்கினார்கள். பாமினி அப்படிப்பட்ட ஒன்று. 'அம்மா' என்ற சொல் பாமினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். எண்களாகச் சொன்னால் 109, 107, 59, 107, 104. பாமினி உள்ள கணினியில் அது அம்மா. இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகள். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மும்பையிலும் எத்தனை கல்யாணப் பத்திரிகைகள், எத்தனை புத்தகங்கள் இந்த முறையில் அச்சாகின! அந்தத் தந்திரம் செய்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் இல்லையென்றால் அந்த வருஷங்களில் கணினியில் தமிழே இருந்திருக்காது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுப் பட்டியல் யூனிகோட். 1991-இல் அதன் முதல் பதிப்பு வந்தபோது தமிழுக்குச் சொந்த வீடு கிடைத்தது. 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். 'அ' என்றால் 2949. ஜப்பானில் இருக்கும் போனிலும் அது 'அ'தான், வேறு எதுவாகவும் ஆகாது. அம்மா இப்போது 2949, 2990, 3021, 2990, 3006. இப்போதும் ஐந்து எண்கள்தான், ஆனால் எதுவும் இரவல் இல்லை.

இதைவிட அழகானது 'பொ'. கையால் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு ப, பிறகு கால். பாமினியும் அதே வரிசையில் மூன்று எண்களைச் சேமித்தது. யூனிகோடில் இரண்டே எண்கள். ப என்பதற்கு 2986, ஒகரக் குறிக்கு 3018. கண் பார்க்கும் வரிசையை விட்டுவிட்டு, வாய் சொல்லும் வரிசையில் சேமிக்கிறது. திரையில் காட்டும்போதுதான் கணினி அந்த ஒரு குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கிறது. ஒவ்வொரு 'பொ'வுக்கும், ஒவ்வொரு 'கோ'வுக்கும் இந்த வேலை நடக்கிறது. நாம் கண் இமைப்பதற்குள் ஒரு பக்கம் முழுவதும் முடிந்துவிடுகிறது.

விண்டோஸில் இது முதலில் சாத்தியமானது விண்டோஸ் 2000-இல். அதில் வந்த தமிழ் எழுத்துருவின் பெயர் லதா. அதை வடிவமைத்தவர் இதே மும்பையில் வாழ்ந்த ஆர்.கே. ஜோஷி. எழுத்தோவியர், கவிஞர், பொவாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில் ஆசிரியர். ஜூஹுவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்துடனும் சேர்ந்து வேலை செய்தவர். இந்திக்கும் மராத்திக்கும் மங்கள் எழுத்துருவைக் கொடுத்ததும் அவர்தான். 2008-இல் காலமானார். பல ஆண்டுகள் உலகமெங்கும் தமிழர்கள் விண்டோஸில் படித்த தமிழ், ஒரு மராத்திக் கலைஞரின் கையில் உருவான வடிவம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவள் லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 10-இல் லதா தானாக வருவதில்லை. அமைப்புகளில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய், தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களைக் கேட்டு இறக்க வேண்டும், அதுவும் இலவசம். இறக்கினோம். தமிழ் 99 விசைப்பலகையையும் சேர்த்தோம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டிப் பிறந்தது அது. உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ப அடித்து ஒ அடித்தால் 'பொ'. க-வை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகிவிடும்.

அழைப்பிதழை என்.எச்.எம். கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினோம். 'பொங்கல்' வந்தது. அவள் லதாவைத் தேர்ந்தெடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, ஒகரத்தின் கொம்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சற்று முன் ஏற்றிய பைத்தானைத் திறந்தாள். நான் காகிதத்தில் எழுதிக் காட்டிய ஐந்து எண்களையும் வரிசையாகக் கொடுத்து, எழுத்தாக்கச் சொல்லி என்டர் தட்டினாள்.

அம்மா.

"மாமா, ழ-வுக்கு நம்பர் என்ன?" என்றாள். அவள் பெயரில் ஒரு ழ இருக்கிறது.