கூரைமேல் வளர்ந்த காடு

ஜெர்மனியின் பெர்லினுக்குத் தென்மேற்கே, பைன் காட்டுக்குள் இருக்கிறது பீலிட்ஸ் காசநோய் மருத்துவமனை வளாகம். 1898-ல் கட்டத் தொடங்கினார்கள். சுமார் 60 கட்டடங்கள். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. வெயில், சுத்தமான காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு இவைதான் வைத்தியம். அதனால் பெரிய பெரிய ஜன்னல்கள், தெற்குப் பார்த்த நீண்ட தாழ்வாரங்கள் என்று வெளிச்சத்துக்காகவே கட்டினார்கள்.

இவற்றில் பெண் நோயாளிகளுக்கான 'ஆல்ப்ஸ் இல்லம்' இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945-ல் எரிந்துபோனது. போருக்குப் பிறகு 1990-களின் நடுப்பகுதிவரை சோவியத் ராணுவமும் பிறகு ரஷ்ய ராணுவமும் வளாகத்தை மருத்துவமனையாகப் பயன்படுத்தின. ஆனால் எரிந்த ஆல்ப்ஸ் இல்லத்தை மட்டும் யாரும் எடுத்துக் கட்டவில்லை. இன்று அதன் உச்சியில் பைன், பிர்ச் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன.

கூரைக்கு மரம் எப்படி வந்தது? பிர்ச் விதை மிகச் சிறியது. இருபுறமும் மெல்லிய சிறகு உண்டு. காற்று அடித்தால் போதும், மாடியேறிவிடும். பாசி பிடித்த இடத்தில் தூசி தங்கும், ஈரம் தங்கும், விதை முளைக்கும். முளைத்த மரம் உதிர்க்கும் இலை மக்கி, அடுத்த செடிக்கு மண்ணாகும்.

இலையுதிர் காலத்தில் இந்த இடம் கண்ணைப் பறிக்கும். பகல் குறையக் குறைய, மரம் இலையிலிருந்து நைட்ரஜன் சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. கோடை முழுக்கப் பச்சைக்குள் மறைந்திருந்த கரோட்டினாய்டு நிறமிகள் வெளியே தெரிய, பிர்ச் பொன்மஞ்சளாகிறது. பிறகு காம்பின் அடியில் ஒரு பிரிபடலம் உருவாகி இலை உதிர்கிறது.

நவம்பர் நடுவில் இங்கே உச்சிவேளைச் சூரியனே அடிவானத்திலிருந்து சுமார் 20 டிகிரிக்கு மேல் ஏறாது. சாய்ந்து வரும் கதிர், செங்கல் சுவரை உரசிக்கொண்டு போகும். ஒவ்வொரு கல்லின் விளிம்பும் தனி நிழலோடு எடுப்பாகத் தெரியும். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியே வெயில் கூடத்தின் கடைசிச் சுவர்வரை போகிறது. நோயாளிகளுக்காக அன்று திட்டமிட்ட வெளிச்சம் இன்றும் தவறாமல் வருகிறது.

அழகு சேர்க்கும் அதே பருவம்தான் சுவரையும் தின்கிறது. மழையில் ஊறிய செங்கல்லுக்குள் இருக்கும் நீர், இரவில் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவடைகிறது. கல்லின் முகம் பொருக்குப் பொருக்காகப் பெயர்கிறது. அந்த விரிசலில் வேர் நுழைகிறது.

2015-ல் இங்கே 23 மீட்டர் உயரம்வரை செல்லும் நடைபாலம் திறந்தார்கள். மேலிருந்தே கூரைக்காட்டைப் பார்க்கலாம். இது நல்ல ஏற்பாடு. எல்லாச் சிதைவையும் பூசி மெழுகிப் புதுசாக்க வேண்டியதில்லை. மனிதர் கைவிட்ட கட்டடத்தை இயற்கை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைப் படிக்க, ஒன்றையாவது அப்படியே விட்டுவைக்க வேண்டும்.