உங்களுக்குத் தெரியுமா? நாலாவது கோப்பை

டாரட் கட்டில் மொத்தம் 78 சீட்டுகள். அதில் ஒன்றுக்குப் பெயர் 'நான்கு கோப்பைகள்'. மரத்தடியில் சம்மணமிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் ஓர் இளைஞன். எதிரே புல்தரையில் மூன்று கோப்பைகள். மேகத்திலிருந்து நீளும் கை ஒன்று நாலாவதைக் கொடுக்கிறது. பையன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பந்தியில் எதுவும் பிடிக்காமல் இலையை முறைப்பவனின் முகம். ஆழ்ந்த யோசனை, இருப்பதில் சலிப்பு, வருவதைக் கவனிக்காத மனசு: சீட்டின் பலன் இதுதான்.

★

டாரட் பிறந்தது குறி சொல்ல அல்ல, சீட்டாட. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அது வெறும் விளையாட்டு. பிரான்சில் அதை வைத்து ஜோசியம் பிரபலமானது 1780-களில்தான்.

★

பழைய கட்டுகள் பெரும்பாலானவற்றில் இந்தச் சீட்டில் நான்கு கோப்பைகள் மட்டுமே இருக்கும். மரமும் பையனும் வந்தது 1909-இல், பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் கையால். பெரிய வேலை, கூலியோ சொற்பம் என்று அந்த வருடமே ஒரு கடிதத்தில் அவர் குறைப்பட்டிருக்கிறார். கட்டுக்கு நிலைத்த பெயர் 'ரைடர்-வெயிட்'. ரைடர் பதிப்பகத்தார், வெயிட் எழுத்தாளர். படம் போட்டவர் பெயரைக் காணோம்! அதிருப்திச் சீட்டை வரைய அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

★

மேலைநாட்டு மரபில் இந்தச் சீட்டுக்கு உரிய கிரகநிலை, கடகத்தில் சந்திரன். நம்மூர் ஜோசியரிடம் சொன்னால், "மனோகாரகன் ஆட்சி வீட்டில், நல்லாத்தானே இருக்கு!" என்பார். சொந்த வீட்டில் சௌகரியமாக இருப்பவனுக்குத்தான் சலிப்பு வரும் போல.

★

இந்தச் சீட்டுக்கு மதுரையில் ஒரு நிஜப் பையன் உண்டு. 1896. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில், 16 வயது வேங்கடராமன் ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும் தண்டனையில் இருந்தான். இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாவதில் மனசு ஒட்டவில்லை. தாளைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடினான். இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்று அண்ணன் நாகசுவாமி சுள்ளென்று கேட்டார். பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்பார்கள், சூடு ஆறினால் போய்விடும். இவனுக்குப் போகவில்லை. பிற்பாடு உலகம் அவனை ரமண மகரிஷி என்றது.

★

அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான 5 ரூபாயில் 3 மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டைச் சீட்டெழுதி வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போனான். அந்தச் சீட்டு 'நான்' என்று தொடங்கி, 'இது' என்று மாறி, கையெழுத்தே இல்லாமல் முடிகிறது.

★

ஆகஸ்ட் 29, மதியம். ஸ்டேஷனுக்குத் தாமதமாகத்தான் போனான், நல்லவேளை ரயில் அதைவிடத் தாமதம். திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. கையில் மிஞ்சியது மூணே அணா. மதுரையிலிருந்து சோழவந்தான், வாடிப்பட்டி, கொடைரோடு என்று திண்டுக்கல்லுக்கு ஏறும் அதே தடம்தான். வாடிப்பட்டிக்காரர்கள் தினமும் பார்க்கும் சிறுமலை அவனுக்கும் ஜன்னலோரம் தெரிந்திருக்கும். பார்த்திருப்பானா என்பது வேறு விஷயம்.

★

அதே பெட்டியில் ஒரு மௌல்வி. பையன் பேச்சுக் கொடுக்கவே இல்லை. அவராகவே எங்கே போகிறாய் என்று கேட்டார். திருவண்ணாமலை என்றான். திண்டிவனம் வரை போக வேண்டாம், விழுப்புரத்தில் மாறு என்று வழி சொன்னார். கேட்காமலே நீண்ட அந்தக் கையை மட்டும் அவன் தட்டவில்லை.

★

பொழுது சாயும்போது திருச்சி. பசித்தது. அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய் வாங்கினான். ஒரு கடி கடித்ததுமே பசி போய்விட்டது.