தையல் இயந்திரக் கம்பெனி செய்த துப்பாக்கி

சிங்கர் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது அம்மாவின் தையல் இயந்திரம். அமெரிக்காவில் பழைய ஆயுதங்களைச் சேகரிப்பவர்களுக்கோ அந்தப் பெயர் ஒரு கைத்துப்பாக்கியைக் குறிக்கும். 1941-இல் ராணுவத்துக்காக அந்த நிறுவனம் செய்து கொடுத்தவை வெறும் 500 பிஸ்டல்கள். அவற்றில் ஒன்று 2017-இல் ஏலத்துக்கு வந்து 4,14,000 டாலருக்கு விலைபோனது.

இத்தனைக்கும் 'எம்1911' என்ற அந்த ரகம் அபூர்வமானதல்ல. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளுடன் மோதிய அமெரிக்கச் சிப்பாய்கள், .38 ரிவால்வரின் குண்டு பட்டும் எதிரி நிற்காமல் பாய்ந்து வருவதாகப் புகார் செய்தார்கள். பெரிய குண்டு தேவை என்று ராணுவம் முடிவு செய்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டல், 1911 மார்ச் சோதனையில் 6,000 குண்டுகளைச் சிக்கலின்றிச் சுட்டது. அதே மாதம் 29-ஆம் தேதி ராணுவம் அதை ஏற்றது. 1985-இல் பெரெட்டா வரும் வரை அதுவே அமெரிக்கச் சிப்பாயின் இடுப்புத் துப்பாக்கி.

இரண்டாம் உலகப் போர் நெருங்கியபோது கோல்ட் நிறுவனம் மட்டும் செய்தால் போதாது என்ற நிலை. துப்பாக்கியே செய்திராத ஆலைகளுக்கும் தொழில் பழக ராணுவம் ஆர்டர் கொடுத்தது. சிங்கரின் 500 அப்படி வந்தவை. வேலை சுத்தமாகவே இருந்தது. ஆனாலும் சிங்கர், விமான எதிர்ப்பு பீரங்கிகளைக் குறிவைக்க உதவும் கருவிகளைச் செய்யப் போய்விட்டது. பிஸ்டல் வேலை மற்றவர்களிடம் சென்றது. டைப்ரைட்டருக்குப் பேர்போன ரெமிங்டன் ராண்ட் எட்டரை லட்சத்துக்கு மேல் செய்து குவித்தது. ரயில்வே சிக்னல் செய்யும் யூனியன் ஸ்விட்ச் நிறுவனத்தின் பங்கு சுமார் 55,000.

எந்த ஆலையில் செய்தாலும் ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருந்த வேண்டும் என்பது ராணுவத்தின் கட்டளை. போர்க்களத்தில் அது பெரிய வரம். சேகரிப்பவருக்கு அதுவே தலைவலி. பழுதுபார்க்க வந்த துப்பாக்கிகளைப் பணிமனைகளில் கழற்றி, கையில் கிடைத்த பாகங்களைப் போட்டுப் பூட்டி அனுப்பினார்கள். வரிசை எண் இருப்பது அடிச்சட்டத்தில். தயாரித்தவர் பெயர் இருப்பது மேலே நகரும் ஸ்லைடில். சிங்கர் சட்டத்தில் கோல்ட் ஸ்லைடு ஏறியிருந்தால் சுடுவதில் குறையில்லை, விலை மட்டும் சரிந்துவிடும்.

எனவே வாங்குபவர் முதலில் எண்ணைப் பார்க்கிறார்: சிங்கர் என்றால் எஸ்800001 முதல் எஸ்800500 வரை. அடுத்து, ராணுவ ஆய்வாளரின் 'ஜே.கே.சி.' முத்திரை. பிறகு மேல்பூச்சு. துருவைத் தேய்த்துப் புதிதாகப் பளபளக்க வைத்தது, தேய்ந்து போன அசலைவிட மலிவு. பெயரைப் போலியாகப் பொறித்து விற்பவர்களும் உண்டு என்பதால், நிபுணரிடம் காட்டாமல் யாரும் பெரிய பணம் கொடுப்பதில்லை.

சாதாரண எம்1911-க்கும் கிராக்கி குறையவில்லை. ராணுவக் கிடங்கில் மிஞ்சியவற்றைப் பொதுமக்களுக்கு விற்கும் திட்டம் 2018-இல் தொடங்கியபோது, வாங்கும் வரிசையைக் குலுக்கல் முறையில்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடம் குறைவு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். ஒருவர் மூன்று வரை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. சிங்கரைச் சேகரிக்க ஆசைப்படுபவர்களுக்கு இங்கே தையல் இயந்திரம்தான் வசதி.