போர்கள் முடிந்தாலும் ஓய்வு பெறாத துப்பாக்கி

இலங்கையில் போர் 2009 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. ஆனால், ‘ரி-56’ என்ற பெயர் செய்திகளிலிருந்து மறைந்துவிடவில்லை. முன்னர் போர்க்களச் செய்திகளில் இடம்பெற்ற அத்துப்பாக்கி, பின்னர் பாதாள உலகக் குழுக்களின் கொலைகள் பற்றிய செய்திகளில் இடம்பெறலாயிற்று. எந்தப் போருக்காகக் கொண்டுவரப்பட்டதோ அந்தப் போரையும் கடந்து ஒரு துப்பாக்கி வாழ்வது எவ்வாறு? இதனை விளங்கிக்கொள்ள அதன் வடிவமைப்பின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

ரி-56 சீனத் தயாரிப்பு. 1956 ஆம் ஆண்டையே அதன் இலக்கம் குறிக்கின்றது. ஆனால், அதன் மூலவடிவம் சோவியத் யூனியனின் ஏ.கே.47 ஆகும். 1941 இல் ஜேர்மனியப் படைகளுடனான சமரில் காயமடைந்த யுத்த தாங்கிப் படைவீரர் மிகைல் கலாஷ்னிகோவ் உருவாக்கிய இத்துப்பாக்கியை, 1949 இல் சோவியத் இராணுவம் ஏற்றுக்கொண்டது.

அதன் செயன்முறை எளிமையானது. ரவை வெடிக்கும்போது எழும் வாயுவின் ஒரு பகுதி, குழலின் மேலுள்ள சிறு குழாயினுள் சென்று ஓர் உந்துதண்டைப் பின்தள்ளுகின்றது. வெற்றுக்கோது வெளியே வீசப்பட, சுருள்வில் அடுத்த ரவையை உள்ளே ஏற்றுகின்றது. பாகங்களிடையே தாராளமான இடைவெளி விடப்பட்டிருப்பதால் மணலோ சேறோ புகுந்தாலும் அது எளிதில் இறுகி நின்றுவிடுவதில்லை. தூர இலக்குகளைத் துல்லியமாகத் தாக்கும் ஆற்றல் இதனால் சற்றுக் குறைந்தது. எனினும், குறைந்த பயிற்சி பெற்றவரும் கையாளக்கூடிய ஆயுதமாக அது அமைந்தது.

இந்த அடிப்படையை மாற்றாமலேயே திருத்தங்கள் தொடர்ந்தன. 1959 இல் வந்த ஏ.கே.எம். ரகத்தில், உருக்குக் கட்டியைக் கடைந்து செய்த உடற்பகுதிக்குப் பதிலாக, அழுத்தி வடிவமைத்த உருக்குத் தகடு பயன்படுத்தப்பட்டது. நிறை குறைந்தது, பெருந்தொகையாக உற்பத்தி செய்வதும் இலகுவாகியது. 1974 இன் ஏ.கே.74 ரகத்தில் 7.62 மில்லிமீற்றர் ரவைக்குப் பதிலாக 5.45 மில்லிமீற்றர் ரவை வந்தது. 2018 இல் ரஷ்ய இராணுவம் ஏற்றுக்கொண்ட ஏ.கே.12 ரகத்தில் நவீன குறிபார்க்கும் கருவிகளைப் பொருத்தவும் வழி செய்யப்பட்டது. பின்லாந்தும் இஸ்ரேலும் அதே அடிப்படையில் தமக்கான துப்பாக்கிகளை உருவாக்கிக்கொண்டன. தோளில் அணைக்கும் பகுதியை மடிக்கக்கூடிய ரகங்களும் வந்தன. பரசூட் படையினரின் வசதிக்காகச் செய்யப்பட்ட அம்மாற்றமே, துப்பாக்கியை மறைத்துச் செல்லும் கொலையாளிக்கும் வசதியாயிற்று.

பொறியியலாளர் போற்றும் சிறப்புகளே சமூகத்துக்குச் சாபமாகி நிற்பதை இங்கு காண்கின்றோம். பழுதடையாத துப்பாக்கி, உடன்படிக்கையில் கையொப்பமிட்டவுடன் செயலிழந்துவிடுவதில்லை. அது கைமாறுகின்றது, காத்திருக்கின்றது. 2017 இல் உலகிலிருந்த 100 கோடிக்கும் மேற்பட்ட சுடுகலன்களில் ஏறத்தாழ 85 சதவீதமானவை பொதுமக்களின் கைகளிலேயே இருந்ததாக ஜெனீவாவின் சிறிய ஆயுதங்கள் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது.

சர்வதேச முயற்சிகள் இல்லாமலில்லை. சிறிய ஆயுதங்களின் சட்டவிரோத வர்த்தகம் பற்றி 2006 இல் நியூயோர்க்கில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மீளாய்வு மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் இலங்கை இராஜதந்திரி பிரசாத் காரியவசம் ஆவார். அம்மாநாடு இணக்கப்பாடின்றியே முடிந்தது. 2014 இல் நடைமுறைக்கு வந்த ஆயுத வர்த்தக உடன்படிக்கை நாடுகளுக்கிடையிலான கைமாற்றங்களை நெறிப்படுத்துகின்றதேயன்றி, ஏற்கெனவே ஊர்களில் பரவிவிட்ட துப்பாக்கிகளைத் திரட்டித் தருவதில்லை.

அதற்கு வேறு வழி வேண்டும். தேசியக் கொடியிலேயே இத்துப்பாக்கியைப் பொறித்துள்ள மொசாம்பிக்கில், உள்நாட்டுப் போருக்குப் பின்னர் 1995 இல் அந்நாட்டுக் கிறிஸ்தவ சபைகள் ஒரு திட்டத்தை ஆரம்பித்தன. துப்பாக்கியை ஒப்படைத்தவருக்குத் தையல் இயந்திரமும் சைக்கிளும் விவசாயக் கருவிகளும் வழங்கப்பட்டன. பெறப்பட்டவை மீண்டும் களஞ்சியத்துக்குச் செல்லவில்லை, துண்டுதுண்டாக வெட்டப்பட்டன. அத்துண்டுகளால் ஆன நாற்காலியொன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

கலாஷ்னிகோவ் தமது இறுதிக் காலத்தில் ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், தமது துப்பாக்கி பறித்த உயிர்களுக்குத் தாமும் பொறுப்பாளியா எனக் கலங்கியிருந்தார். அவர் 2013 இல் காலமானார். அவரது துப்பாக்கி இன்னும் ஓய்வு பெறவில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கணக்கு வைப்பதும், மிகையானவற்றை மீளப் பயன்படுத்த முடியாதவாறு அழிப்பதும் போரை முடித்த அரசுகளின் கடமையாகும். அதுவரை எந்தப் போரும் முழுமையாக முடிந்ததாகக் கொள்ள முடியாது என்பதே எமது கருத்தாகும்.